குருபரப்பள்ளியில் படுத்துக்கொண்ட கார்

கிருஷ்ணப்பன் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தார் என்றால் அது தேறாது. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் அவர் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். நான் ஸ்டோர்ஸில். காலையில் கம்பெனி பஸ்ஸில் நான் கிருஷ்ணகிரியில் ஏறுவேன், அவர் குருபரப்பள்ளியில் ஏறி என் பக்கத்தில் வருவார். வந்ததும் உட்கார மாட்டார். சீட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, விரலை என்னிடம் காட்டி, பிறகுதான் உட்காருவார்.

வேலையில் அவருக்கு நல்ல பெயர். முடியளவு பிசிறு தெரிந்தாலும் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தாலே மெஷின் ஆபரேட்டர்கள் பாத்ரூம் பக்கம் போய்விடுவார்கள். சிக்கல் எங்கே என்றால், ஷிப்ட் முடிந்த பிறகும் அந்தக் கண் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அவர் மனைவி ருக்மணி அக்கா வீட்டையொட்டி வலைக்குடில் போட்டுக் குடைமிளகாய் வளர்க்கிறார். பெங்களூருக்கு லோடு ஏற்றும் நாளில் கணவரை வேண்டுமென்றே எங்காவது அனுப்பிவிடுவார். "இவர் நின்னார்னா பாதிக் காயி வூட்லயே தங்கிடும். அப்புறம் மாசம் பூரா குடமொளகாக் கொழம்புதான்" என்பார்.

ஒரே மகள் பிரியதர்ஷினி. கிருஷ்ணகிரியில் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவளுக்கு வந்த வரன்களையும் கிருஷ்ணப்பன் அதே கண்ணால்தான் பார்த்தார். ஒருவன் கை கழுவிவிட்டுக் குழாயைச் சரியாக மூடவில்லை. இன்னொருவன் பஜ்ஜியைக் கடித்து, கடித்த பக்கம் எதிரில் இருப்பவர்களைப் பார்க்கிற மாதிரி தட்டில் வைத்தான். வேறொருவன் சிரிக்கும்போது ஒரு பக்க வாய் மட்டும் முந்திக்கொண்டது. எல்லோருக்கும் சிவப்பு அட்டை.

அப்பேர்ப்பட்ட மனுஷன், ஒரு காரை நேரில் பார்க்காமல், கதவைத் திறந்து மூடிக்கூடப் பார்க்காமல், போனிலேயே வாங்கினார்.

ஒருநாள் பஸ்ஸில் விரல் ஓட்டாமலே உட்கார்ந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். கறுப்பு நிறத்தில் ஒரு ஜெர்மன் கார். நீளமாக, பளபளவென்று, பெரிய அதிகாரி இறங்கி வரப்போகிற மாதிரி நின்றது. பின்னால் ஒரு நீரூற்று. நீரூற்றின் நடுவே முன்கால்களைத் தூக்கிய வெள்ளைக் குதிரைச் சிலை.

"டெல்லி வண்டி. ஒரே ஓனர். டாக்டர் ஓட்டினதாம்" என்றார்.

"வெல ரொம்பக் கம்மியா இருக்குதே அண்ணா. புதுசா ஒரு சின்ன வண்டி வாங்குற காசுதான்."

"அதான் பாயிண்ட்டே. அங்க பழைய டீசல் வண்டிய ஓட்ட வுட மாட்டாங்க. அவங்களுக்கு அது பாரம், நமக்கு அது யோகம்."

"ஒருதபா நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாம் இல்ல?"

"இன்னாத்துக்கு? எத்தினி போட்டோ போட்டிருக்கான் பாரு. ஸ்டெப்னிய கூட போட்டோ எடுத்திருக்கான். இதுக்கு மேல நேர்ல போய் நான் இன்னா பாக்கணும்?"

இருபது வருஷமாக ஒரு நட்டைக்கூட நம்பாதவர் இப்படிச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். விற்றவன் இவரை "சார்ஜி, சார்ஜி" என்று கூப்பிட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. எங்கள் பேக்கிங் பிரிவில் இருக்கிற பீகார் பையனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "வண்டி மக்கன் மாதிரி இருக்குதாம் சார். மக்கன்னா வெண்ணெய்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் கிருஷ்ணப்பன் உருகிப் பணத்தை அனுப்பிவிட்டார். அது அவர் மகள் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்த சேமிப்பில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதைத் தொட்டிருந்தால் ருக்மணி அக்கா கதையை வேறு மாதிரி முடித்திருப்பார்.

கார் லாரியில் வந்து ஹைவே ஓரமாக இறங்கியது. நானும் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால் அழகான வண்டி. உள்ளே பழுப்புத் தோல் சீட், மேலே கண்ணாடிக் கூரை, கதவைச் சாத்தினால் பக்கத்து டீக்கடைப் பாட்டுகூடக் கேட்காது. ருக்மணி அக்கா எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சாமந்தி மாலை போட்டார். கிருஷ்ணப்பன் சாவியைத் திருப்பியதும் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இந்தியில் வரவேற்றது.

"யாருங்க அவ?" என்றார் ருக்மணி அக்கா.

"வண்டிதான் பேசுது ருக்கு."

"நமக்குத் தெரிஞ்ச பாஷையில பேசச் சொல்லுங்க. தெலுங்குன்னாலும் பரவால்ல, கன்னடம்னாலும் பரவால்ல."

எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சூளகிரி வரை போய்த் திரும்பினோம். வெண்ணெய்தான். சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, துணி போட்டு மூடி, கிருஷ்ணப்பன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

மறுநாள் காலையில் துணியை எடுத்தால் கார் படுத்திருந்தது.

படுத்திருந்தது என்று நான் ஏதோ அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை போக இடமில்லை. வயிறு தரையைத் தொட, களைத்துப் போன எருமை மாதிரி நான்கு பக்கமும் இறங்கிக் கிடந்தது. கிருஷ்ணப்பன் பதறிப்போய் ஸ்டார்ட் செய்தார். இந்திப் பெண் வரவேற்றாள். அடியிலிருந்து 'புஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. முதலில் மூக்கு எழுந்தது, பிறகு வால் எழுந்தது. டீ குடிக்கிற நேரத்தில் வண்டி பழையபடி நின்றது.

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் மஞ்சு என்று ஒரு மெக்கானிக். வெளிநாட்டு வண்டிகள் பார்ப்பவர். அவரிடம் கொண்டு போனார். மஞ்சு காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, எழுந்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"சார், காடி ச்சென்னாகிதே, வண்டி நல்லாதான் இருக்குது. ஆனா ஏர் பேக் ஹோய்த்து, போச்சு. இந்த வண்டியில ஸ்ப்ரிங் இல்ல சார், காத்துப் பைதான். நாலு பைலயும் காத்து எறங்குது. மாத்தணும்."

ஒரு பையின் விலையைச் சொன்னார். கிருஷ்ணப்பன் அது நான்கு பைக்கும் சேர்த்த விலை என்று நினைத்து நிம்மதியாகத் தலையாட்டினார். மஞ்சு திருத்தியதும் பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். மஞ்சுவே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பைகளை மாற்றவில்லை. ஓட்டையை அடைத்து ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டு கொஞ்ச நாள் தாங்கும், பிறகு மறுபடி படுக்கும். ஊரில் இது பழகிப் போனது. மற்றவர்களை "சாப்ட்டாச்சா?" என்று விசாரிக்கிற ஜனம், கிருஷ்ணப்பனைக் கண்டால் "எந்திரிச்சிச்சா?" என்றது. அவரும் அலுக்காமல், "ஆச்சு, ஆச்சு, முன்பக்கம் எந்திரிச்சிடுச்சு, பின்பக்கம் வந்துக்கினு இருக்குது" என்று பதில் சொல்வார்.

அடுத்தது கண்ணாடிக் கூரை. ஐப்பசி மழையில் ராயக்கோட்டை ரோட்டில் வரும்போது வைப்பருக்காக எதையோ அழுத்தினார். வைப்பர் சும்மா இருக்க, கூரை திறந்துகொண்டது. திறந்தது மூடவில்லை. ஜெர்மன் காருக்குள் உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் குடையுமாக அவர் வீடு வரைக்கும் வந்தார். குடை கூரைக்கு மேலே விரிந்திருந்தது. எதிரில் வந்த லாரிக்காரர்கள் வழிவிட்டார்கள். ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்திருக்கலாம்.

கோழி விஷயத்தை ருக்மணி அக்கா சொல்லித்தான் கேட்க வேண்டும். மதியம் கார் நிழலில் அவருடைய கருங்கால் கோழி போய்ப் படுத்திருக்கிறது. காரும் மெல்ல மெல்லப் படுத்திருக்கிறது. கோழி கத்துகிற சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தால், அலகு மட்டும் வெளியே தெரிகிறது. கிருஷ்ணப்பனுக்கு அன்று லீவு. ஸ்டார்ட் செய்தார். பேட்டரி இறங்கிப் போயிருந்தது. இந்திப் பெண்கூடப் பேசவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்றால், ஜாக்கி நுழையவே இடமில்லை. வலைக்குடிலில் வேலை செய்த பெண்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

"ஐயோ பெயிண்ட்டு! பெயிண்ட்டுல படாம நெம்புங்க!" என்று கிருஷ்ணப்பன் குறுக்கே விழுந்தார்.

"கோழி உசுரு போயிக்கினு இருக்குது, இவருக்குப் பெயிண்ட்டு" என்று சொல்லிவிட்டு ருக்மணி அக்கா மண்வெட்டியை எடுத்தார். காருக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, காரின் அடியில் சாய்வாகப் பள்ளம் தோண்டினார். கோழி அந்தச் சுரங்கம் வழியாக வெளியே வந்து, உடம்பை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

"உங்க வெண்ண இதுதாங்களா?" என்றார் ருக்மணி அக்கா, கை மண்ணைத் தட்டிக்கொண்டே.

இவ்வளவுக்கும் கிருஷ்ணப்பன் அந்த வண்டியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். பஸ்ஸில் என்னிடம், "பாவம்பா, வடக்க இருந்து வந்திருக்குது. இந்தத் தண்ணி, காத்து எல்லாம் ஒத்துக்க வேணாமா?" என்பார். டெல்லி நம்பர் பிளேட்டை மாற்றி, தமிழ்நாட்டு நம்பர் வந்த அன்று கம்பெனியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் கல்லாவியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ஹரீஷ்குமார். ஓசூர்ப் பக்கம் பேட்டரி ஸ்கூட்டர் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். அவன் அப்பா பூபதிக்குக் கல்லாவி கடைத்தெருவில் உரக்கடையும் விதைக்கடையும் இருந்தன. அம்மா லட்சுமியம்மாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாடகைக் காரில் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் வராததால் ஆள் வேண்டும் என்று கிருஷ்ணப்பன் என்னையும் கூப்பிட்டிருந்தார்.

வாசலில் இறங்கியதும் பூபதி வீட்டைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற கறுப்புக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று காலைதான் கிருஷ்ணப்பன் அதை எழுப்பி, துடைத்து, நிமிர்த்தி வைத்திருந்தார். பூபதியின் முகம் ஒரு மாதிரி ஆனது. லட்சுமியம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"பாத்தியா, மனுஷன் அசந்துட்டாரு" என்று கிருஷ்ணப்பன் என் காதில் சொன்னார்.

பையன் நன்றாகத்தான் இருந்தான். குழாயை மூடினான். பஜ்ஜியை ஒரே வாயில் முடித்தான். சிரித்தபோது இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. பிரியதர்ஷினி காபி கொடுக்க வந்தபோது, "லேப்ல ஊசி குத்தும்போது ஆளுங்க பயப்படுவாங்களா?" என்று கேட்டான். "பெரிய மீசை வச்சவங்கதான் ரொம்ப பயப்படுவாங்க" என்று அவள் சொன்னதும் மீசை வைத்திருந்த பூபதி மீசையைத் தடவிக்கொண்டார். அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கிருஷ்ணப்பன் மட்டும் பையனின் கைக்கடிகாரத்தையும் சுவர்க்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"வாட்ச்சு பின்னாடி ஓடுது. இன்ஜினியரு, சொந்தக் கையில இருக்கற வாட்ச்ச செரி பண்ணிக்கல. இவன் எப்டி..."

"ஏங்க, கம்முனு இருங்க" என்றார் அடுப்படியிலிருந்து ருக்மணி அக்கா.

இருந்தாலும் மரியாதைக்காக, பக்கத்து மலையடிவாரத்து முருகன் கோயிலுக்கு எல்லோரும் போய்வரலாம் என்றார் கிருஷ்ணப்பன். காரைக் காட்டாமல் அனுப்ப அவருக்கு மனசில்லை. "நான் ஸ்கூட்டில பின்னாடியே வர்றன்" என்று பிரியதர்ஷினி முன்ஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டாள். எனக்கு இடமில்லாததால் நானும் என் பைக்கில் கிளம்பினேன். காரில் முன்னால் கிருஷ்ணப்பனும் பூபதியும், பின்னால் இரண்டு அம்மாக்களும் பையனும்.

காருக்குள் என்ன நடந்தது என்று பிறகு ருக்மணி அக்கா சொன்னார். ஹைவேயில் ஏறுகிற வரை பூபதி வாயைத் திறக்கவில்லை. கைகளைத் தொடையில் வைத்து, கண்ணை மூடி, எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பன் தோல் சீட்டைப் பற்றியும் ஜெர்மன்காரன் மூளையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். திடீரென்று பூபதி சொன்னார்:

"இப்ப முன்னாடி எடது பக்கம் எறங்கும் பாருங்க."

"இன்னா சொன்னீங்க?"

'புஸ்ஸ்' என்று சத்தம். முன்னால் இடது பக்கம் இறங்கியது.

"ஓரங்கட்டிடுங்க. அடுத்து பின்பக்கம் ரெண்டும் ஒண்ணா உக்காரும்."

கிருஷ்ணப்பன் சர்வீஸ் ரோட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தினார். பின்பக்கம் இரண்டும் ஒன்றாக உட்கார்ந்தன. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணனுது படுத்துக்கிச்சா?" என்று விசாரித்துவிட்டுப் பாலை ஆற்றப் போனார்.

அப்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். மான மரியாதை எல்லாம் காற்றோடு சேர்ந்து இறங்கிப் போன முகத்தோடு கிருஷ்ணப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

பூபதி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். லட்சுமியம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினார். பூபதியால் தாங்க முடியவில்லை.

"எங்க வூட்ல ஒண்ணு இருக்குதுங்க. இதே வண்டி. வெள்ள கலரு."

"போச்சு" என்று லட்சுமியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கல்யாணம் முடியற வரைக்கும் அந்தக் காரப் பத்தி வாயத் தொறக்காதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கினு கூட்டியாந்தேங்க அக்கா. போன்ல பாத்து கார் வாங்குன குடும்பம்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாங்க?"

கிருஷ்ணப்பனின் கண்கள் விரிந்தன. "டெல்லியா?"

"டெல்லிதான்."

"ஒரே ஓனரு?"

"டாக்டரு."

கிருஷ்ணப்பன் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "பின்னாடி... குதுர செல இருந்துச்சா?"

பூபதி இரண்டு முன்கால்களையும் தூக்குவது போலக் கைகளை உயர்த்திக் காட்டினார்.

கிருஷ்ணப்பன் கதவைத் திறந்து இறங்கினார். பூபதியும் இறங்கினார். காரின் முன்னால் வந்து இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிரில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கிருஷ்ணப்பனுக்கு இவ்வளவு நாளாகப் பேசத் துணை இல்லை. எந்திரிச்சிச்சா என்று கேட்கிற ஊரில், அது இறங்கும்போது படுகிற வேதனையைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். பூபதியின் கார் படுத்தபோது அவர் கடன்பட்டுக் காற்றுப் பைகள் நான்கையும் புதிதாக மாற்றினாராம். கார் எழுந்து நின்றது. அவர் சந்தோஷப்பட்டார். அடுத்து வந்த மழையிலேயே தெருவில் வெள்ளம் வந்து, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து, இன்ஜின் போய்விட்டது.

"இப்ப எந்திரிச்சி நிக்குதுங்க. கம்பீரமா நிக்குது. ஆனா ஒரு அடி நகராது" என்று பூபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்த பிரியதர்ஷினியும் காரிலிருந்து இறங்கிய ஹரீஷ்குமாரும் புளியமர நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்கும் வீட்டில் கிடைத்திருக்கவே முடியாத தனிமை அது. அப்பாக்கள் இருவரும் காருக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்ததால் யாரும் தொந்தரவு செய்யவில்லை. கோயிலுக்குப் போகவே இல்லை. திரும்பி வந்ததும் ருக்மணி அக்கா கணவரிடம் கேட்டார்.

"அந்த வாட்ச்சு விஷயம் இன்னா ஆச்சுங்க?"

"எந்த வாட்ச்சு?" என்றார் கிருஷ்ணப்பன்.

சம்பந்தம் முடிவானது. ஆனால் நிச்சயதார்த்தத்தன்று பெரிய சண்டை வந்தது. நகை, மண்டபம், சாப்பாடு எல்லாம் பெண்கள் இருவரும் அரை மணியில் பேசி முடித்துவிட்டார்கள். ஆண்கள்தான் அடித்துக்கொண்டார்கள். கறுப்புக் காருக்கு நல்ல இன்ஜின், வெள்ளைக் காருக்கு நல்ல பைகள். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுக் கார். எது எதற்குள் போவது?

"கறுப்பு வண்டியில போட்டாதான் அந்தஸ்து" என்றார் கிருஷ்ணப்பன்.

"வெள்ளதான் நம்ம வெயிலுக்கு" என்றார் பூபதி. "எங்க வண்டிக்குக் கூர ஒழுவாது. உங்களுது கொட கேக்குதாமே?"

"யாரு சொன்னது? பிரியா, நீ சொன்னியா?"

தாம்பூலத் தட்டு நடுவில் இருக்க, இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு என்ன தகராறு என்றே புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, வாசல் வரைக்கும் போய்விட்டது. லட்சுமியம்மாள் அழத் தொடங்கினார். ருக்மணி அக்கா போனை எடுத்து அத்திப்பள்ளி மஞ்சுவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மஞ்சு ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "இன்ஜின் எறக்கி ஏத்தறது பெரிய கெலசம், பெரிய வேல அக்கா. வேற வண்டி இன்ஜின்னா பேப்பர் எல்லாம் மாத்தணும். பைன்னா ஒரே நாள்ல ஆகும்."

"அவ்ளோதான். வெள்ள குடுக்கும், கறுப்பு வாங்கிக்கும்" என்றார் ருக்மணி அக்கா. "ரெண்டு பேரும் உக்காருங்க. தட்டு மாத்தணும்."

பூபதி உட்கார்ந்தார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிருஷ்ணப்பனுக்கே மனசு கேட்கவில்லை. "சம்மந்தி, பையி மட்டும் இல்ல, ஒழுவாத உங்க கூரயும் உங்க பக்கத்துக் கதவையும் கழட்டி இதுல போட்டுக்கலாம். நீங்க உக்கார்ற பக்கம் உங்க கதவாவே இருக்கட்டும்" என்றார். பூபதி நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

கல்லாவியில் வெள்ளைக் காரைப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். மஞ்சுவும் அவர் ஆட்களும் பைகளைக் கழற்றினார்கள், கண்ணாடிக் கூரையை இறக்கினார்கள், முன்பக்க இடது கதவை எடுத்தார்கள். பூபதி ஒவ்வொன்றையும் பழைய போர்வையில் தானே சுற்றிக் கொடுத்தார். கடைசியில் வெறும் கூடாக நின்ற காரைக் கொஞ்சம் தட்டிக் கொடுத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சொல்லி எதிர்த் திசையில் நடந்தார். லட்சுமியம்மாள் மறுநாளே அந்தக் கூட்டுக்குள் வைக்கோல் போட்டு ஆடுகளைக் கட்டினார். மழைக்கு நல்ல இடம் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

கறுப்புக் கார் எழுந்தது. ஒரு வெள்ளைக் கதவோடு, வாயில் ஒரு பல் மட்டும் கட்டினது போல இருந்தது. ஆனால் எழுந்த கார் படுக்கவில்லை. ராத்திரி நிறுத்திக் காலையில் பார்த்தால் நின்றபடியே இருந்தது. முதல் சில நாள் கிருஷ்ணப்பன் நம்பாமல் விடியுமுன் எழுந்து போய், சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்தாராம்.

கல்யாணம் கிருஷ்ணகிரியில் நடந்தது. காரை அலங்காரம் செய்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"அப்பா, கோச்சிக்காதீங்க. நாங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டர்லயே போறோம்" என்றாள் பிரியதர்ஷினி.

ஹரீஷ்குமார் தன் கம்பெனி ஸ்கூட்டரைக் கொண்டுவந்தான். பட்டுப் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். அப்பாக்களுக்கு வருத்தம்தான். ஆனால் மாலையும் பூவுமாகக் கார் காலியாக நிற்கிறதே என்று அவர்களே ஏறிக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் வந்தார்கள். ரவுண்டானாவில் நின்ற ஜனங்கள் பூ சுற்றிய காருக்குள் இரண்டு பெரியவர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். இருவரும் திரும்பக் கையசைத்தார்கள்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் அந்தக் காரில் கிருஷ்ணகிரி அணைக்கு மீன் சாப்பிடப் போகிறார்கள். போன மாதம் என்னையும் அழைத்துப் போனார்கள். அணைக்கு வெளியே வரிசையாக இருக்கிற வறுவல் கடைகளில் ஒன்றின் முன்னால் கார் நின்றது. நான் இறங்கினேன், பூபதி இறங்கினார். கிருஷ்ணப்பன் இறங்கவில்லை.

"வாங்கண்ணா" என்றேன்.

"நீங்க சாப்டுங்க. நாங்க மாத்தி மாத்திதான் சாப்டுவோம். இன்ஜினை ஆஃப் பண்ண வேணாம்னு ஒரு முடிவு" என்றார் கிருஷ்ணப்பன்.

"ஏன், திரும்ப ஸ்டார்ட் ஆவாதா?"

"ஆவும். இது வரைக்கும் ஆயிருக்குது" என்றார் பூபதி. "அத சோதிச்சிப் பாக்க வேணாம்னு பாக்கறோம்."

கடைக்காரப் பெண் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணா, பொகை இந்தப் பக்கம் வருது. வண்டிய நிறுத்திட்டு வந்து ஒண்ணா உக்காந்து சாப்புடுங்களேன்" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூபதி தலையை மெல்ல அசைத்தார். கிருஷ்ணப்பன் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. வெள்ளைக் கதவு வழியாகப் பூபதி உள்ளே தலையை நீட்டிக் காது கொடுத்தார். 'புஸ்' இல்லை.

மீனைச் சாப்பிட்டோம் என்று பேர்தான். இருவர் கண்ணும் காரைவிட்டு நகரவில்லை. முள்ளைக்கூடப் பார்க்காமல் தின்றார்கள். கை கழுவியதும் ஓடிப்போய் ஏறினார்கள். முதல் திருப்பலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. இந்திப் பெண் வரவேற்றாள். கிருஷ்ணப்பன் ஹாரனை அடித்தார், பூபதி வெள்ளைக் கதவைக் கையால் தட்டித் தாளம் போட்டார், கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் ஏறி மறைந்தது.

சம்பந்திகள் இருவரும் வீட்டுக்கு வாங்கிய மீன் பார்சல் மேஜையிலேயே இருந்தது. நானும் அங்கேயே இருந்தேன்.

"திரும்பி வருவாங்களாண்ணா?" என்றார் கடைக்காரப் பெண்.

ருக்மணி அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ அந்த மீனை எடுத்துக்கினு பஸ் ஏறி வந்துடுப்பா. சூடு ஆறதுக்குள்ள வந்துடு" என்றார்.